யாருக்கு இடது?

நான் எழுதியதில் பிழை இல்லை. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்திருக்கிறது. ‘வாஷ் கேர் லேபிள்: லெஃப்ட் சைடு சீம், ஆஸ் வோர்ன், அடி மடிப்பிலிருந்து 8 செ.மீ.’ என்று டைப் அடித்து, கீழே கோடும் போட்டிருக்கிறேன். ஆஸ் வோர்ன் என்றால் பனியனைப் போட்டிருப்பவரின் இடது. இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படி எழுதுவது?

அது 1999. எனக்கு 22 வயது. தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, காங்கயம் ரோட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த வேலையை விளக்குவது சிரமம். பையர் என்று நாங்கள் சொல்லும், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒரு படமும் அளவுப் பட்டியலும் அனுப்புவார். அதை வாங்கி நூல் கடை, நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இவற்றில் பாதி எங்கள் கூரைக்குக் கீழே இருக்காது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், தையல் ஒரு கான்ட்ராக்டர். ஊரே ஒரு தொழிற்சாலை. அதன் இடைகழி தெருக்கள்தாம். டெலிபோனும் டிவிஎஸ் பிப்டியும் இல்லாவிட்டால் ஒரு பனியன் முழுசாக உருவாகாது.

அதற்கு இருபது வருடம் முன்புவரை இந்த ஊருக்கு இவ்வளவு காகிதம் தேவைப்பட்டதில்லை. உள்ளூருக்கு வெள்ளை பனியன் தைத்தார்கள். முதலாளியும் மாஸ்டரும் ஒரே டீக்கடையில் நின்று பேசி முடித்துவிடுவார்கள். 1970களின் கடைசியில் ஐரோப்பாவுக்கு டி-சர்ட் போக ஆரம்பித்தபின், ஆர்டரோடு கூடவே காகிதமும் வந்து சேர்ந்தது. ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990இல் அமைந்தபோது எங்களைப் போல இங்கிலீஷ் படித்த ஒரு வரிசை, காகிதத்துக்கும் கத்தரிக்கும் நடுவே உட்காரத் தொடங்கியிருந்தது. எனக்குக் காகிதத்தின் மேல் இருந்த பக்தி அங்கிருந்து வந்தது. எழுதிவிட்டால் சொல்லிவிட்டதாக அர்த்தம். நாலு ஜெராக்ஸ் எடுத்து நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் என் பொறுப்பு முடிந்தது.

அந்த ஆர்டர் 12,000 பீஸ். நாலு ஓவர்லாக் மிஷினில் சைடு மூட்டிக்கொண்டிருந்தார்கள். 3,100 பீஸ் முடிந்திருந்த நாளில் பையரின் ஆள் சோதனைக்கு வந்தார். மேலே கிடந்த பத்துப் பீஸை எடுத்துப் புரட்டினார். ஆறில் லேபிள் இடது பக்கம், நாலில் வலது பக்கம். இன்னொரு பண்டலை அவிழ்க்கச் சொன்னார். அங்கும் இப்படித்தான், கலந்து கிடந்தது. 12,000 பீஸ் கொண்ட லாட்டில் கடைசிச் சோதனைக்கு 315 பீஸ் எடுப்பார்கள். அதில் பெரிய குறை 14 வரை இருந்தால் பாஸ், 15 ஆனால் ஃபெயில். எங்கள் கணக்கு பாதிக்குப் பாதி. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் ஃபைலோடு போனேன். காகிதத்தைக் காட்டி, “பாருங்கண்ணா, ஆஸ் வோர்ன்னு கோடு போட்டுக் குடுத்திருக்கேன், கையெழுத்தும் இருக்குது” என்றேன். அவர் எட்டாவதோடு நிறுத்தியவர். காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

“உன்ற பேப்பரு செரிதான் அம்மிணி. பேப்பரையா டப்பாவுல கட்டித் தாட்டி உடப் போறோம்?”

அன்று அந்தக் கேள்வி அநியாயமாகப் பட்டது. அழுதுவிடக் கூடாதே என்று ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பவர் டேபிள் ஹாலுக்குப் போனேன்.

நடந்தது என்ன என்று விளங்க வேண்டுமானால் வீட்டில் ஒரு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து மேலே இருக்க, முன்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். போட்டவரின் இடது, உங்களுடைய வலக்கைப் பக்கம் இருக்கும். பையர் அனுப்பிய படத்திலும் அப்படித்தான். இப்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். சைடு மூட்டும் டெய்லரின் கைக்குத் துணி அந்தக் கோலத்தில்தான் வரும். முன்பக்கம் மேலே இருக்கும்படி மேஜையில் போட்டால், அதே பக்கம் உங்கள் இடக்கைக்கு வந்துவிடும். அப்படியே புரட்டிப் பின்பக்கத்தை மேலே கொண்டுவாருங்கள், மறுபடி வலக்கைக்குப் போய்விடும். நாலு டெய்லர்களில் இரண்டு பேருக்கு முன்பக்கம் மேலே வைத்து மூட்டிப் பழக்கம், இரண்டு பேருக்குப் பின்பக்கம். “லேபிள் லெஃப்டுல” என்று கான்ட்ராக்டர் சொன்னதும் நாலு பேரும் அவரவர் இடக்கைப் பக்கம் வைத்துத் தைத்தார்கள். நாலு பேரும் சொன்னதைச் செய்தவர்கள்தாம். இடது ஒன்றுதான் என்று நினைத்தவள் நான் ஒருத்தி.

அந்த ஹாலில் இதை முதல் நாளே பார்த்த ஒரு ஆள் இருந்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குபவர்களைத் திருப்பூரில் கைமடி என்பார்கள். சம்பளத்திலும் மரியாதையிலும் கடைசிப் படி. வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி அங்கே கைமடியாக இருந்தாள். நாலு மிஷின் பீஸையும் ஒரே அடுக்காக அடுக்கும்போது லேபிள் ஒருசமயம் இந்தப் பக்கம், ஒருசமயம் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கான்ட்ராக்டரிடம் சொல்லியிருக்கிறாள். “பேப்பர்ல லெஃப்ட்னுதான் போட்டிருக்குது, நீ அடுக்கு” என்று அவர் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி வந்து, “அன்னைக்கே பார்த்தேங்க்கா, ரெண்டு பக்கமா வருது” என்றாள். என் காகிதம் அவள் கண்ணைத் தோற்கடித்திருந்தது.

இரண்டு ராத்திரி பிரித்தோம். தப்பான பக்கத்தைப் பிரித்து லேபிளை எடுத்து, மூட்டி, சரியான பக்கத்தைப் பிரித்துச் சொருகி, மறுபடி மூட்ட வேண்டும். ஒரு தப்புக்கு நாலு வேலை. பிரிக்கும்போது துணியில் ஓட்டை விழுந்தால் அந்தப் பீஸ் டேமேஜ். நானும் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். விடியும் நேரத்தில் கட்டிங் மாஸ்டர் வந்தார். ஒரு சாம்பிளை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, லேபிள் வர வேண்டிய இடத்தில் சிவப்பு நூலை முடிந்து, ஓவர்லாக் மிஷினுக்கு நேரே கயிற்றில் தொங்கவிட்டார். பின்பக்கம் வைத்துத் தைப்பவர்களுக்கு இன்னொன்று, அவர்கள் பார்க்கும் வாகில். ஒரு வார்த்தை சொல்லவில்லை, எழுதவில்லை. மீதி 8,900 பீஸில் ஒன்றுகூடப் பக்கம் மாறவில்லை.

அதிலிருந்து எனக்குப் புத்தி வந்தது என்று எழுதினால் கதை அழகாக முடியும். வந்தது அரைப்புத்தி.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்ல வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். ஆட்களை மனத்துக்குள் வகை பிரிக்க ஆரம்பித்தேன். முதலாளியிடம் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லக் கூடாது. “முடிவச் சொல்லு அம்மிணி” என்பார். எனவே முதலில் ஷிப்மென்ட் தேதி, அடுத்து எவ்வளவு நஷ்டம், அவர் கேட்டால் மட்டும் காரணம். கான்ட்ராக்டர் பேசிப் பேசியே யோசிப்பவர். “முடியவே முடியாதுங்க” என்று ஆரம்பித்து, தானே தனக்குப் பதில் சொல்லி, கால்மணி நேரத்தில் “வெள்ளிக்கிழமை குடுத்தர்றனுங்க” என்று வந்து நிற்பார். அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டு முதலாளியிடம் ஓடினால் ஏமாந்துபோவோம். இதெல்லாம் பலித்தது. பலிக்கப் பலிக்க எனக்குத் தைரியம் கூடியது.

சாயப்பட்டறை மாஸ்டரிடமும் பலித்தது. வீரபாண்டிப் பக்கம் ஒரு பட்டறை. ஒரு நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரிப் பிட்டு, பையருக்கு அனுப்புவோம். பையரிடமிருந்து கருத்து வரும்: சற்றே சிவப்பு அதிகம், ஆழம் குறைவு. நான் அந்தக் கடிதத்தை அப்படியே தமிழில் எழுதிக் கொடுத்தனுப்புவேன். மூன்று முறை அனுப்பியும் அவரிடமிருந்து அதே நிறம் திரும்பி வந்தது. நாலாவது தடவை நேரில் போனேன். பட்டறையில் காலடியெல்லாம் ஈரம். அவர் துணிப்பிட்டை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்தார். நான், லைட் பாக்ஸில் பார்க்க வேண்டும், அவர்கள் கடை விளக்கு வேறு மாதிரி என்றேன். வெயிலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி, அன்றைய ஐரோப்பியக் கடைகளின் டியூப் வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். “அதுக்குப் பொறவு பாக்கலாம். எந்தப் பக்கம் போகோணும்னு மொதல்ல சொல்லு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மூன்று பிட்டையும் கல்லின் மேல் வரிசையாக வைத்தார். நான் பையர் அனுப்பிய அசல் துண்டை எடுத்து, பிக்கும் சிக்கும் நடுவே, சியைக் கொஞ்சம் ஒட்டினாற்போல வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா மூணு தடவ மருந்து வீணாயிருக்காது.”

நாலாவது லேப் டிப் பாஸ். ‘சிவப்பு அதிகம்’ என்பதில் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் இருக்கிறது. எவ்வளவு தூரம், எதை நோக்கி நகர வேண்டும் என்பது இல்லை. அன்றிலிருந்து அட்டையில் பிட்டுகளை ஒட்டி, நடுவே அம்புக்குறி போட்டு அனுப்பத் தொடங்கினேன். சாயமாஸ்டர் கண்ணால் யோசிப்பவர் என்று மனத்துக்குள் ஒரு சீட்டு எழுதி அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன்.

கட்டிங் மாஸ்டர் நெற்றியிலும் ஒரு சீட்டு இருந்தது: ‘பேப்பர் ஒத்துவராது.’ சிவப்பு நூல் கட்டியவர் அல்லவா? அவருக்கு எல்லாமே வாயால், கையால். அந்தச் சீட்டு அடுத்த வருடம் என்னைக் கவிழ்த்தது.

4,800 பீஸ் ஆர்டர். எஸ், எம், எல், எக்ஸ்.எல்-லுக்கு 1:2:2:1 என்று ரேஷியோ வந்திருந்தது. துணி ஆலையிலிருந்து வந்த அன்று பையர் அதை 2:3:2:1 என்று மாற்றினார். மாஸ்டர் டீ குடித்துக்கொண்டு நின்றார். நான் போகிற போக்கில், “மாஸ்டர், ரேஷியோ மாறிடுச்சு, ரெண்டு மூணு ரெண்டு ஒண்ணு” என்றேன். அவர் தலையாட்டினார். அந்த நேரம் அவர் தலைக்குள் இன்னும் மூன்று ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் இருந்த பழைய சீட்டைப் பார்த்துத் துணியை அடுக்கி லே போட்டார். ஒரு லேவுக்கு 60 அடுக்கு, ஓர் அடுக்குக்கு ஆறு பீஸ். பன்னிரண்டு லே முடிந்து 4,320 பீஸ் வெட்டியபின்தான் செக்கிங்கில் தெரிந்தது. எல்-லில் 240, எக்ஸ்.எல்-லில் 120 அதிகம். எஸ்-ஸும் எம்-மும் பற்றாது; அவற்றுக்குத் திரும்பச் சாயம் போட வேண்டும், வேறு லாட், வேறு ஷேடு என்ற பயம். மிஞ்சிய 360 பீஸும் கடைசியில் காதர்பேட்டைச் சந்தைக்கு எடை விலைக்குப் போயிற்று.

திட்டு வாங்கத் தயாராகத்தான் மாஸ்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“எல்லாருக்கும் எழுதித் தாறே. எனக்கு மட்டும் ஏன் அம்மிணி வாயில சொன்னே? எண்ணு படிக்கத் தெரியாதவன்னு நெனச்சுட்டியா?”

அந்த 360 பீஸை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். இந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. ஒரு அடுக்குத் துணிக்குக் கழிவு எத்தனை அங்குலம் என்று மனக்கணக்காகச் சொல்பவர் அவர். நான் அவருக்கு இணங்கப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவரைச் சின்னவராக்கியிருந்தேன். வழியைக் கண்ணுக்குக் காட்டும் சிவப்பு நூல், எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. எண்ணை எழுதத்தான் வேண்டும், கேட்பவர் யாராக இருந்தாலும்.

ஆளைப் பார்த்து வகை பிரிப்பதை அப்போது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சில வருடம் கழித்து, கம்பெனியே அதைப் பாடமாக நடத்தியது. வெளியூரிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். கேள்வித்தாள் கொடுத்தார். பார்த்துக் கற்பவருக்குப் பச்சை அட்டை, கேட்டுக் கற்பவருக்கு மஞ்சள், செய்து கற்பவருக்கு நீலம். ஒரு வாரம் எல்லாரும் கழுத்தில் அட்டையோடு திரிந்தோம். எனக்கு மஞ்சள் வந்தது. எழுதாமல் எதையும் நினைவில் வைக்கத் தெரியாத எனக்கு! பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் இந்த வகைப்பாட்டை ஆதரிக்கும் ஆய்வுகளை அலசி 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர்களுக்கு இப்படிக் கற்றால் பிடிக்கும், அப்படிக் கற்றால் பிடிக்கும் என்ற விருப்பம் இருப்பது உண்மை. ஆனால் அந்த வகைக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. படித்தபோது எனக்குக் கட்டிங் மாஸ்டர் கத்தரி துடைத்த காட்சிதான் நினைவுக்கு வந்தது.

ஆளை வகை பிரிக்காமலே சொல்லலாம் என்பதற்கான நிரூபணம் எனக்குச் சொந்த வேலையிலேயே கிடைத்தது. 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றுக்குக் கழிவு ஒரு சொட்டும் போகாத ஏற்பாடு செய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஆற்றையும் ஆற்றங்கரை வயல்களையும் நாங்கள் என்ன செய்திருந்தோம் என்பது ஊருக்கே தெரியும். என்னால் வாய்திறந்து குறை சொல்ல முடியவில்லை. பின்னிய துணியை லாரியில் ஏற்றி வெளிமாநிலங்களுக்குச் சாயத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் துணி லூதியானாவுக்குப் போனது. அங்கிருந்த மாஸ்டரை நான் பார்த்ததில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. எந்த வகை ஆள் என்று யூகிக்கவும் வழியில்லை. பிட்டு ஒட்டி அம்புக்குறி போட்ட அதே அட்டையைக் கூரியரில் அனுப்பினேன். நிறம் நெருங்கி வந்தது. வீரபாண்டி மாஸ்டருக்காகச் செய்த சலுகை என்று நான் நினைத்திருந்த ஒன்று, நிறத்துக்கே உரிய பேச்சாக இருந்திருக்கிறது. நிறத்தைக் காட்டத்தான் முடியும். எண்ணை எழுத வேண்டும். பக்கத்தைத் துணியிலேயே குறிக்க வேண்டும். ஏன் என்பதை மட்டும் எதிரில் நின்று வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முகம் தேவை.

பிறகு ஒடிசா, பீகாரிலிருந்து டெய்லர்கள் நிறைய வந்து சேர்ந்தார்கள். யாரோ ஒருவரைப் பிடித்துக் குறிப்புகளை இந்தியில் எழுதி ஒட்டினோம். ஒடியாப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு அந்த எழுத்து படிக்க வராது. உள்பக்கம் திருப்பிய சாம்பிளும் சிவப்பு நூலும் எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் அவனிடம் போய்ச் சேர்ந்தன.

ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எப்படிச் சொல்வது என்பதைவிட, எப்போது சொல்ல விடுவது என்பதில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. எங்களிடம் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் பையன் ஒருவன் இருந்தான். வெட்டு ஆரம்பிக்கும் முன் எல்லாரையும் உட்கார வைத்து நடத்தும் பி.பி. மீட்டிங்கில் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். “ஏதாச்சும் இருக்கா தம்பி?” என்றால், “இல்லீங்க்கா, செரீங்க்கா.” கான்ட்ராக்டர் பேசுவார், செக்கிங் அக்கா பேசுவார், நான் பேசுவேன். அவன் ஒப்புக்கொண்டான் என்று குறித்துக்கொள்வோம். குழந்தைகள் டி-சர்ட் ஒன்றுக்கு அப்படி மீட்டிங் முடிந்த மறுநாள் காலை, என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் துண்டுச்சீட்டு: ‘கழுத்து ரிப் நீளம் 2 செ.மீ. கம்மி. இழுத்தாலும் குழந்தை தலை நுழையாது.’ அளந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. கத்தரி போட அரைமணி நேரம் இருந்தது.

கோபமும் நன்றியும் சேர்ந்து வந்தன. “நேத்தே ஏன் சொல்லல?” என்றேன். “நேத்து தெரியலீங்க்கா. வீட்டுக்குப் போய்ப் படுத்தப்பதான் தெரிஞ்சுது” என்றான். அவன் கூச்சத்தால் பேசாதவன் என்று நினைத்திருந்தேன். யோசித்து முடிக்காததைப் பேசத் தெரியாதவன், அவ்வளவுதான். கான்ட்ராக்டருக்கு யோசனை வாயில் நடக்கும், இவனுக்குப் படுக்கையில். இருவரையும் ஒரே அரைமணி நேரத்துக்குள் கேட்டு முடித்தால், வாயில் நடக்கும் யோசனை மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். அன்றிலிருந்து ஃபைலை முதல்நாள் சாயங்காலமே எல்லாருக்கும் கொடுத்தேன். மீட்டிங் முடிந்து மறுநாள் பத்து மணி வரை கத்தரி போடக் கூடாது என்று விதி வைத்தேன். முதலாளி, “அரை நாள் போகுதே” என்றார். கழுத்தை மாற்ற வேண்டியிருந்தால் எத்தனை நாள் போயிருக்கும் என்று, முடிவை முதலில் வைத்துச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

இன்னொரு விதியும் சேர்ந்தது. சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். திருப்பூரில் அந்தக் கேள்விக்கு “செரீங்க” என்ற ஒரே பதில்தான் உண்டு. அதற்குப் பதில் ஒரு பீஸைக் கையில் கொடுத்து, “எங்கே தைக்கப் போறீங்க, காட்டுங்க” என்பேன். அடுக்கி வைக்கும் கைமடிப் பெண்களையும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிறுத்துவேன். முழுசாகப் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். டெய்லர் ஒரு தையலைத்தான் பார்க்கிறார்.

இவ்வளவும் நான் மற்றவர்களுக்காக வளைந்த கதை. அப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேடசந்தூர்ப் பெண் படிப்படியாக உயர்ந்தாள். கைமடியிலிருந்து செக்கிங், செக்கிங்கிலிருந்து லைன் சூப்பர்வைசர். நடுவில் வேறு கம்பெனிக்குப் போய், திரும்பி வந்தாள். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, சம்பளப் பட்டுவாடா முடிந்து ஹால் காலியாகிக்கொண்டிருந்த நேரம், என் அறைக்கு வந்தாள். கையில் அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதில் ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதியிருந்தாள். ஒன்று: எந்த மிஷினில் தையல் விடுகிறது. இரண்டு: எந்த நூல் லாட். மூன்று: எத்தனை பீஸ். எழுத்துகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. ‘ற’வும் ‘ர’வும் இடம் மாறியிருந்தன. அவள் ஆறாவதுவரை படித்தவள். அந்த அட்டையை எழுத அரைமணி நேரமாவது பிடித்திருக்கும்.

“எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டே? என்னை ஹாலுக்குக் கூப்பிட்டிருந்தா வந்து பார்த்திருப்பேனே” என்றேன்.

“பீஸக் காட்டினா உங்களுக்குப் பிடிபடாதுக்கா. எழுதியிருந்தாத்தான் தலைக்குள்ள போகும். மாஸ்டர் அப்பவே சொல்லியிருக்காரு, அந்த அம்மிணிக்கு எதுன்னாலும் எண்ணு போட்டுக் குடுங்கன்னு.”

கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. யோசித்துப் பார்த்தேன். என்னிடம் பேசும்போதெல்லாம் அவர் எண்ணில்தான் ஆரம்பிப்பார்: “மூணு விஷயம் அம்மிணி.” சாயமாஸ்டரும்கூடக் கடைசிக் காலத்தில் பில்லின் பின்புறத்தில் ஏதாவது கிறுக்கித் தருவார். அவர்கள் இயல்பு அது என்று நான் நினைத்திருந்தேன்.

அவள் அட்டையை மேஜையில் என் பக்கம் பார்த்து நேராகத் திருப்பி வைத்தாள். படித்துக்கொண்டே எழுந்து, அவளோடு ஹாலுக்கு நடந்தேன்.